போர்ட்டலில் பேர் குடுத்துட்டானாம்! அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் ரசிகர்கள் எதற்காக இப்படிப் புலம்புகிறார்கள்?

2023 மார்ச் கடைசியில் ஒரு காலை, ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் அண்ணாச்சி போனைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார். கப் நிரம்பி, மெஷின் பீப் அடித்து ஓய்ந்து, காபி ஆறியும் போயிருந்தது. ஊரில் யாருக்காவது முடியவில்லையோ என்று பயந்துபோய் "என்ன அண்ணாச்சி, எதும் பிரச்சினையா?" என்றேன். "கேலெப் லவ் போறானாம்டே. போர்ட்டல்ல பேர் குடுத்துட்டான்" என்றார்.

எனக்கு அப்போது அந்தப் பையனையும் தெரியாது, போர்ட்டல் என்றால் என்ன என்றும் தெரியாது. ஆனால் அடுத்த கால் மணி நேரத்தில் அவர் பேசியது மட்டும் அப்படியே மனசில் நிற்கிறது. முதலில் "போனதே நல்லதுதான், கையில பந்து வந்தா எறிஞ்சுக்கிட்டே இருப்பான், பக்கத்துல ஆள் நிக்கிறதே தெரியாது" என்றார். ரெண்டு வாய் காபி குடித்துவிட்டு "மூணு வருஷம் தலைல தூக்கி வச்சு ஆடுனோம், ஒரு நன்றி வேண்டாமா?" என்றார். கடைசியில் கப்பைக் கழுவும்போது, என்னிடம் சொல்லாமல் குழாயிடம் சொல்வது போல, "ஆனா அந்த ஷாட்டு இருக்கு பாத்தியா... அத மறக்க முடியாதுடே" என்றார். ஒரே ஆள், ஒரே பையனைப் பற்றி, ஒரு கப் காபிக்குள் மூன்று விதமாகப் பேசிவிட்டார்.

அந்தக் கால் மணி நேரத்தைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. பாஸ்கெட்பாலே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில், ராலே நகரத்துக்குப் பக்கத்தில். அண்ணாச்சிக்குத் திருநெல்வேலி. சேப்பல் ஹில்லில் இருக்கும் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவர். அங்கே படித்தவர்கள் அந்த வெளிர்நீல நிறத்தை ஆயுசுக்கும் விடமாட்டார்கள் போல, சட்டை, தொப்பி, காபி கப் எல்லாம் அதே நீலம். அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் டர்ஹம் என்ற ஊரில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் நிறம் அடர்நீலம். இந்த ரெண்டு நீலத்துக்கும் ஆகாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இதைவிடப் பெரிய பகை எது என்று கேட்டால் சிலர் வேறு பதில் சொல்லலாம், ஆனால் இந்த ஏரியாவில் நின்று சொல்லமாட்டார்கள்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன, இதற்கு டிராஃப்ட் என்று பேர், பையன் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது அவன் கையில் இல்லை. கல்லூரியில் இது தலைகீழ். பையன்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பெரிய பெரிய கோச்சுகள் அவன் வீட்டுக்குப் போய், அம்மா அப்பாவோடு சோபாவில் உட்கார்ந்து, எங்கள் கல்லூரிக்கு வாப்பா என்று கேட்பார்கள். முதல் டிவிஷன் என்ற மேல்தட்டில் மட்டும் ஆண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் 350க்கும் மேல். அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு பையன் நம் கல்லூரித் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டுகிறான் என்றால் ரசிகனுக்கு எப்படி இருக்கும்? "அவன் நம்மளத் தேர்ந்தெடுத்தான்." இந்த ஒரு வரியில்தான் மொத்தப் பெருமையும் இருக்கிறது. மொத்தக் கோபமும் அங்கிருந்துதான் வருகிறது, ஏனென்றால் அவன் டிரான்ஸ்ஃபர் ஆகும்போது, நம்மைத் தேர்ந்தெடுத்தவன் நம்மையே வேண்டாம் என்கிறான். என்.பி.ஏ.வில் ஒருவனை வேறு அணிக்கு மாற்றினால் நிர்வாகத்தைத் திட்டிவிட்டுப் போகலாம். இங்கே திட்டுவதற்கு அந்தப் பையன் மட்டும்தான் இருக்கிறான், அவனுக்கு வயசோ இருபது, இருபத்தொன்று.

இன்னொன்று, கணக்கு. பாஸ்கெட்பாலில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்தான் ஆடுவார்கள். ஆண்கள் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். அப்படியென்றால் ஒரு ஆட்டத்தில் பங்கு போட இருப்பது மொத்தம் 200 நிமிடம். நல்ல ஆட்டக்காரன் அதில் 35 நிமிடத்தைத் தனியாளாக எடுத்துக்கொள்வான். அமெரிக்கக் கால்பந்தில் பெரிய பட்டாளமே இருக்கும், ஒருவன் போனால் பத்துப் பேர் நிற்பார்கள். இங்கே ஒருவன் போனால் வீட்டில் ஒரு தூண் போன மாதிரி.

சரி, போர்ட்டல் என்றால்? பேரைக் கேட்டதும் நான் ஏதோ பெரிய ஏலக்கூடம் என்று கற்பனை செய்துவைத்திருந்தேன். அது வெறும் பட்டியல். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 2018 அக்டோபரில் தொடங்கிய ஒரு டேட்டாபேஸ், அவ்வளவுதான். பையன் தன் கல்லூரியில் விதிமுறைகளைக் கவனிக்கும் ஆபீஸுக்கு "நான் மாற விரும்புகிறேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ரெண்டு வேலை நாளுக்குள் அவர்கள் அவன் பேரை ஏற்றியாக வேண்டும். ஏற்றிய நிமிடத்திலிருந்து மற்ற கல்லூரிக் கோச்சுகள் அவனுக்குப் போன் போடலாம், அதற்கு முன்னால் பேசினால் தப்பு. போன் போடாதீர்கள் என்று ஒரு குறிப்பும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்போடு ஒருவன் பேர் வந்தால் ரசிகர்கள் உடனே கண்ணடிப்பார்கள், எங்கே போகப்போகிறான் என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பேர் கொடுத்துவிட்டதாலேயே அவன் போய்விட்டான் என்று ஆகிவிடாது. வாபஸ் வாங்கலாம், பழைய கல்லூரியிலேயே தொடரலாம். ஆனால் பேர் கொடுத்தவனை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கல்லூரிக்குக் கிடையாது. அந்த செமஸ்டர் முடிந்ததும் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிடலாம், அவன் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடலாம். அதனால் இது ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் நிற்பது மாதிரி, பின்னால் வீட்டுக்காரர் பூட்டிவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. இடம் கிடைக்காமலே தொங்கிப்போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

போர்ட்டலுக்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? நம்மூரில் டிசி வாங்குவதற்கு ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நிற்போமே, அதைவிட மோசம். வேறு கல்லூரியோடு பேசுவதற்கே கோச்சிடம் அனுமதி வாங்க வேண்டும். எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்றும் அவர்கள் சொல்வார்கள். அனுமதி கிடைத்துப் போனாலும் பாஸ்கெட்பால், அமெரிக்கக் கால்பந்து மாதிரி பெரிய விளையாட்டுகளில் ஒரு வருடம் ஆடாமல் சும்மா உட்கார வேண்டும். பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கிலும் வம்பு வந்தது. 2017இல் கேமரன் ஜான்சன் என்று ஒரு பையன், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டிகிரியை முடித்து கையில் வைத்துக்கொண்டு சேப்பல் ஹில்லுக்கு வரப் பார்த்தான். ரெண்டும் ஒரே லீகில் ஆடும் கல்லூரிகள் என்பதால், வேண்டுமானால் போ, ஆனால் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று பிட்ஸ்பர்க் பிடிவாதம் பிடித்தது. விஷயம் வெளியே வந்து ஊரெல்லாம் சிரித்த பிறகு விட்டுக்கொடுத்தார்கள். அவன் 2019 டிராஃப்டில் 11ஆவது ஆளாக என்.பி.ஏ.வுக்குப் போனான். அப்போது எல்லா நீலச்சட்டைக்காரர்களும், அண்ணாச்சி உள்பட, "பையன் வாழ்க்கை, பையன் முடிவு, தடுக்கிறதுக்கு இவனுங்க யாரு" என்றுதான் பேசினார்களாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021இல் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியது. ஏப்ரலில், ஒரு தடவை மட்டும் உட்காராமலே மாறலாம் என்று விதி வந்தது. ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பேர், முகம், புகழ் ஆகியவற்றை வைத்துக் காசு சம்பாதிக்கலாம் என்றார்கள், இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். விளம்பரத்தில் நடிப்பது, கையெழுத்துப் போட்டு விற்பது என்று ஆரம்பித்தது, சீக்கிரமே பணக்கார ரசிகர்கள் சேர்ந்து நிதி திரட்டி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் குழுக்களாக வளர்ந்துவிட்டது. அப்புறம் 2023 டிசம்பரில், நார்த் கரோலைனா உள்பட 7 மாநிலங்கள் தொடுத்த வழக்கில், ரெண்டாவது தடவை மாறுகிறவனையும் உட்கார வைக்கக்கூடாது என்று மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நீதிபதி தடை போட்டார். 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம் என்றே ஆகிவிட்டது. 2025 ஜூனில் இன்னொரு வழக்கு சமரசத்தில் முடிந்து, கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருடம் சுமார் 2.05 கோடி டாலர் வரை என்று கதவு முழுசாகத் திறந்தது. 2025 வசந்தத்தில் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்குப் போர்ட்டல் திறந்திருந்தது மார்ச் 24 முதல் ஏப்ரல் 22 வரை, 30 நாள். அந்த 30 நாளில் பேர் கொடுத்த ஆண்கள் 2000க்கும் மேல். ஏப்ரலில் இந்த ஊரில் பைன் மரங்கள் உதிர்க்கும் மகரந்தத்தில் கார் எல்லாம் மஞ்சளாகிவிடும், எல்லாரும் தும்மிக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிவார்கள். அதில் எத்தனை பேர் அலர்ஜி, எத்தனை பேர் போர்ட்டல் என்று கண்டுபிடிக்க முடியாது.

விதி போதும், இப்போது கேலெப் லவ் கதைக்கு வருவோம், ஏனென்றால் ரசிகன் மனசைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

பையன் செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரன், 2020இல் சேப்பல் ஹில்லுக்கு வந்தான். முதல் வருடம் கொரோனா, காலி அரங்கம். ரெண்டாவது வருடம் கோச் மாறினார், ஹியூபர்ட் டேவிஸ் வந்தார். அந்த 2021-22 சீசனில் பாதி வரைக்கும் அணியை யாரும் மதிக்கவில்லை. டியூக்கில் 42 வருடம் கோச்சாக இருந்த மைக் ஷஷெவ்ஸ்கி அதோடு ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார், அவருடைய கடைசி ஹோம் ஆட்டம் மார்ச் 5, எதிரணி யார் என்று சொல்லவேண்டியதில்லை. பழைய மாணவர்களையெல்லாம் கூப்பிட்டு, விழா ஏற்பாடு எல்லாம் பண்ணி வைத்திருந்த அந்த வீட்டுக்குள் போய் நார்த் கரோலைனா 94-81 என்று ஜெயித்துவிட்டு வந்தது. கல்யாண வீட்டில் சாம்பாரைக் கவிழ்த்த மாதிரி. கிழவர் மைக்கைப் பிடித்து, இன்று நடந்ததை ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லிக் கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

அதோடு முடியவில்லை. நாடு முழுக்க 68 அணிகள் மோதும் மார்ச் மாதப் போட்டியில் ரெண்டு அணியும் ஜெயித்து ஜெயித்து, ஏப்ரல் 2 அன்று நியூ ஆர்லியன்ஸில் அரையிறுதியில் நேருக்கு நேர் வந்து நின்றன. எத்தனையோ வருடப் பகையில், அந்தப் போட்டியில் இவர்கள் சந்தித்தது அதுதான் முதல் தடவை. கடைசி அரை நிமிடத்துக்குள் நார்த் கரோலைனாவுக்கு ஒரே ஒரு புள்ளிதான் முன்னிலை. பந்து லவ் கையில். எதிரே ஏழடி உயர மார்க் வில்லியம்ஸ் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். லவ் தூரத்திலிருந்து அந்தக் கைக்கு மேலே எறிந்தான், உள்ளே போனது, மூன்று புள்ளி. 81-77 என்று முடிந்தது, லவ் மட்டும் 28. ஷஷெவ்ஸ்கியின் கோச் வாழ்க்கை அங்கேயே முடிந்தது. சேப்பல் ஹில்லின் ஃபிராங்க்ளின் தெருவில் விடிய விடிய கூட்டம். அண்ணாச்சியும் மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், அந்தப் போட்டோ இன்றைக்கும் அவர் டெஸ்க்கில் இருக்கிறது.

ரெண்டு நாள் கழித்து இறுதி ஆட்டம், கன்சாஸோடு. இடைவேளையில் 15 புள்ளி முன்னிலை. அதைத் தொலைத்து 72-69 என்று தோற்றார்கள். லவ் 24 தடவை எறிந்து 5 தான் போட்டான், சமன் செய்யக் கடைசியாக எறிந்ததும் போகவில்லை. அடுத்த சீசனில் அந்த ஐந்து பேரில் நான்கு பேர் திரும்ப வந்தார்கள், சீசன் தொடங்கும் முன்னால் நாட்டின் நம்பர் 1 அணி என்று பட்டம் கட்டினார்கள். முடிவில் மார்ச் போட்டிக்கே தகுதி பெறவில்லை. 1985இல் அந்தப் போட்டி 64 அணிகளாக விரிந்ததிலிருந்து, நம்பர் 1 ஆகத் தொடங்கி உள்ளேயே நுழையாத முதல் அணி இதுதான். லவ் எறிந்த மூன்று புள்ளி ஷாட்டுகளில் உள்ளே போனது முப்பது சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. எறிவதை மட்டும் குறைக்கவில்லை.

இப்போது புரிகிறதா காபி மெஷின் பக்கத்தில் நடந்தது? பையன் மேல் கடனும் இருக்கிறது, கடுப்பும் இருக்கிறது. ரெண்டில் எது ஜெயிக்கும் என்பது அன்றைக்குக் காபி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

போர்ட்டலில் பேர் கொடுக்கும் பையன்கள் சமூக ஊடகத்தில் போடும் அறிவிப்புகளுக்கு என்று ஒரு பாணியே இருக்கிறது. முதலில் கடவுளுக்கு நன்றி, அப்புறம் குடும்பத்துக்கு, கோச்சுகளுக்கு, கூட ஆடியவர்களுக்கு, ரசிகர்களுக்கு, "நீங்கள் எனக்கு என்னவெல்லாம் செய்தீர்கள்" என்று நாலு வரி. கல்யாணப் பத்திரிகை போல ஒரு அச்சு. "இதையெல்லாம் சொன்ன பிறகு" என்று ஒரு வரி வரும் பாருங்கள், அங்கேதான் ரசிகனுக்கு வயிற்றைப் பிசையும். அதற்கு அடுத்த வரியில் போர்ட்டல் இருக்கும். அதனால் அனுபவசாலிகள் மேலே இருக்கும் நன்றியையெல்லாம் படிப்பதே இல்லை, நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுகிறார்கள்.

அதற்குக் கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே ரகம் என்று தோன்றும், கொஞ்ச நாள் பழகினால் வித்தியாசம் தெரியும். "எங்க இருந்தாலும் நல்லா இரு" என்கிறவர் பெரும்பாலும் அவன் அதிகம் ஆடாத ஆட்டக்காரன் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தாராளமாக ஆசீர்வாதம் கிடைக்கும். "விட்டது சனி" என்கிறவர் நேற்று வரைக்கும் அவன் பேர் போட்ட ஜெர்சியை மாட்டியிருந்தவர். கோச்சைத் திட்டுகிறவர் ஒருத்தர், காசைத் திட்டுகிறவர் ஒருத்தர். அப்புறம் ஒரு கணக்குப்பிள்ளை வருவார்: சரி, ஒரு ஸ்காலர்ஷிப் காலி, 35 நிமிடம் காலி, போர்ட்டலில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? இவருக்குத் துக்கம் அரை மணி நேரம்தான். எனக்கென்னவோ ரசிகர்களில் நிம்மதியாகத் தூங்குகிறவர் இவர் ஒருத்தர்தான் என்று படுகிறது.

எங்கே போகிறான் என்பது இன்னும் முக்கியம். சின்னக் கல்லூரியிலிருந்து பெரிய இடத்துக்குப் போனால் வருத்தம் இருக்கும், ஆத்திரம் குறைவு. 2022இல் ஜெர்சி சிட்டியைச் சேர்ந்த செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி, மார்ச் போட்டியில் தன் பிரிவில் கடைசிக்கு முந்தின 15ஆம் தரவரிசையோடு உள்ளே வந்து கென்டக்கியைத் தோற்கடித்து, காலிறுதிச் சுற்று வரை போனது. அந்த நிலையிலிருந்த எந்த அணியும் அதற்கு முன்னால் அவ்வளவு தூரம் போனதில்லை. அவர்கள் ஓட்டத்தை நிறுத்தியது இதே லவ் ஆடிய நார்த் கரோலைனாதான். சில நாட்களில் கோச் வேறு கல்லூரிக்குப் போனார், முக்கியமான ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். கூடு கலைந்துவிட்டது. அந்த ரசிகர்கள் யாரைத் திட்டுவார்கள்? மேலே ஏறத்தானே எல்லாரும் ஆடுகிறார்கள்.

ஒரே உயரத்தில் இருக்கும் இன்னொரு பெரிய இடத்துக்குப் போனால்தான் கொதிக்கும். ஹன்ட்டர் டிக்கின்சன் என்ற ஏழடிக்காரன் மிச்சிகனில் மூன்று வருடம் ஆடிவிட்டு 2023இல் கன்சாஸுக்குப் போனான். ரசிகர்கள் திட்டியபோது, என்னைத் திட்டுகிறவர்கள் பத்தாயிரம் டாலர் கூடக் கிடைத்தால் தங்கள் வேலையை இப்போதே விட்டுவிடுவார்கள் என்கிற மாதிரி பதில் சொன்னான். அவ்வளவுதான், தீயில் எண்ணெய். ஆனால் அவன் சொன்னதில் தப்பு என்ன? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. எங்கள் ஆபீஸிலேயே மூன்று வருடத்துக்கு மேல் ஒரே கம்பெனியில் இருப்பவனைப் பார்த்து, என்னப்பா இன்னும் மாறலையா என்று அக்கறையாக விசாரிக்கிறோம். ரசிகனுக்கு எரிச்சல் அவன் காசு வாங்கியதில் இல்லை, அதை வாய்விட்டுச் சொன்னதில் என்று நினைக்கிறேன். எல்லாரும் அன்புக்காகத்தான் இங்கே இருக்கிறோம் என்ற பாவனை ரசிகனுக்குத் தேவைப்படுகிறது, அவனிடமே நிதிக் குழுவுக்கு மாதச் சந்தா கேட்டு மெயில் வந்துகொண்டிருந்தாலும்.

விசுவாசம் விசுவாசம் என்று பையன்களிடம் கேட்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோச்சுகள் எந்தக் காலத்திலும் உட்காராமல் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். 2024 ஏப்ரலில் ஜான் கலிபாரி 15 வருடம் இருந்த கென்டக்கியை விட்டு ஆர்க்கன்சாவுக்குப் போனார், சில ஆட்டக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். கல்லூரிகளே டிரான்ஸ்ஃபர் ஆகின்றன. அட்லாண்டிக் கடற்கரை என்று பேர் வைத்த லீகில், அதே 2024இல், பசிபிக் கடற்கரைப் பக்கமிருந்து ஸ்டான்ஃபோர்டு சேர்ந்தது. தொலைக்காட்சிப் பணம்தான் காரணம். நாடு முழுக்கத் தாண்டி ஒரு பல்கலைக்கழகமே போகலாமாம், இருபது வயசுப் பையன் போகக்கூடாதாம்.

லவ் போன அதே 2023 கோடையில் சேப்பல் ஹில்லுக்கு கார்மக் ரயன் வந்தான். ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பித்து, நோட்டர் டேமில் ஆடி, மூன்றாவதாக இங்கே வந்தவன். 2024 மார்ச்சில் டியூக்கின் சொந்த அரங்கத்தில் 31 புள்ளி போட்டு ஜெயிக்க வைத்தான். திங்கட்கிழமை ஆபீஸில் அண்ணாச்சி, "இவன்தாம்டே அசல் நார்த் கரோலைனாக்காரன், ரத்தத்துலயே இருக்கு" என்றார். மூன்று கல்லூரி மாறினவன் அண்ணாச்சி என்று நினைவுபடுத்தினேன். "அது வேற" என்றார். என்ன வேற என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது. வருகிறவன் தேர்ந்தெடுத்து வருகிறான், போகிறவன் விட்டுவிட்டுப் போகிறான். ஒரே பையன்தான், ஒரே விமானம்தான், எந்த ஏர்போர்ட்டில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

லவ் முதலில் மிச்சிகனுக்குப் போவதாகச் சொல்லி, அது கைகூடாமல், கடைசியில் அரிசோனாவில் சேர்ந்தான். 2023 நவம்பரில் சீசன் தொடங்கிய சில நாளிலேயே அரிசோனா எங்கே வந்து ஆடியது? டியூக்கில். 78-73, ஜெயித்தார்கள். அன்று இரவு அண்ணாச்சி அனுப்பிய மெசேஜில் ஒரு வார்த்தையும் இல்லை, ரெண்டு வெளிர்நீல இதயம் மட்டும்.

அந்த சீசன் முடிவில் அரிசோனாவின் லீகில் சிறந்த ஆட்டக்காரன் லவ். நார்த் கரோலைனா இருந்த லீகில் சிறந்த ஆட்டக்காரன் ஆர்.ஜே. டேவிஸ், லவ்வோடு மூன்று வருடம் தோளோடு தோள் ஆடிய சின்ன உருவக்காரன், அங்கேயே தங்கிவிட்டவன். பிரிந்தது ரெண்டு பேருக்கும் நல்லதாகவே முடிந்திருந்தது. மார்ச் போட்டியில் ரெண்டு அணியும் ஒரே பிரிவில், இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் நேருக்கு நேர். 2024 மார்ச் 28, லாஸ் ஏஞ்சலஸ், ஒரே அரங்கம், ஒரே இரவு. அண்ணாச்சி வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம், அக்கா சுண்டல் செய்து வைத்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் அரிசோனா, கிளெம்சனிடம் தோற்றது. லவ் ஒன்பது தடவை தூரத்திலிருந்து எறிந்தான், ஒன்றுகூடப் போகவில்லை. "இதத்தானடே ரெண்டு வருஷமா சொல்லுதேன்" என்று அண்ணாச்சி துள்ளிக் குதித்தார். அடுத்த ஆட்டத்தில் நார்த் கரோலைனா, அலபாமாவிடம் 89-87 என்று தோற்றது. ஆர்.ஜே. டேவிஸும் தூரத்திலிருந்து ஒன்பது தடவை எறிந்தான். ஒன்பதும் போகவில்லை. டிவியை யாரும் அணைக்கவில்லை, சுண்டல் அப்படியே இருந்தது.

ஒரு வருடம் கழித்து, 2025 மார்ச் 27. நார்த் கரோலைனா முந்தின வாரமே வெளியேறியிருந்தது. அரிசோனா மறுபடியும் டியூக்கோடு, இந்தத் தடவை நியூவார்க்கில். லவ்வுக்கு அது ஐந்தாவது, கடைசி வருடம். எனக்குத் தூக்கம் வந்து படுத்துவிட்டேன். டியூக் 100-93 என்று ஜெயித்தது, லவ் 35 புள்ளி போட்டிருந்தான். காலையில் ஆபீஸுக்குப் போனால் அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது. டெஸ்க்கில் மகள் போட்டோ பக்கத்தில் பழைய வெளிர்நீலத் தொப்பி. "நம்ம பய என்னமா ஆடுனான் பாத்தியாடே" என்றார், சத்தமே வராத குரலில்.